விஸ்லரில் தாவ வந்த பெண்களை மறைக்காதீர்கள்

நேற்று முழுவதும் சுற்றிய அந்த விஸ்லர் பதிவைப் பார்த்திருப்பீர்கள். கனடாவின் மலை ஊரில் ஸ்கி ஜம்பிங், அதாவது பனிச்சறுக்கு மட்டைகளோடு சரிவுதளத்திலிருந்து தாவும் விளையாட்டு, வளர்ந்த வரலாறு. 2010 குளிர்கால ஒலிம்பிக்கில் அங்கே நடந்த தாவலில் சுவிட்சர்லாந்து வீரர் சைமன் அம்மான் இரண்டு தங்கம் வென்றதுவரை பக்கம் பக்கமாக எழுதியவர், அப்போது பெண்கள் இந்த விளையாட்டுக்கே வரவில்லை என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். எனக்கு மனம் ஆறவில்லை. வந்தார்கள். வந்தவர்களை வாசலிலேயே நிறுத்தினார்கள்.

2008இல் அதே விஸ்லரின் சிறிய தாவுதளத்தில் 105.5 மீட்டர் தாவியவர் அமெரிக்காவின் லின்ட்சி வான். ஒலிம்பிக் தொடங்கும்வரை ஆண், பெண் எல்லோரையும் சேர்த்து அங்கே சாதனை அவருடையதுதான். போட்டியில் மட்டும் அவருக்கு இடமில்லை.

போதிய வீராங்கனைகள் இல்லை என்பார்கள். 2009இல் உலக சாம்பியன்ஷிப்பே நடத்தினார்களே, வென்றவர் வான்தானே! வீராங்கனைகள் நீதிமன்றமும் போனார்கள். பாகுபாடுதான் என்று நீதிபதியே ஏற்றுக்கொண்டார். ஆனால் கனடாவின் உரிமைச் சாசனம் ஒலிம்பிக் கமிட்டியைக் கட்டுப்படுத்தாது என்று வழக்கைத் தள்ளிவிட்டார்.

மருத்துவ ரீதியில் பெண்களுக்கு இது ஏற்றதல்ல என்று 2005இல் பேசியவர் சர்வதேச ஸ்கி கூட்டமைப்பின் தலைவர். எனக்கு இது புதிதல்ல. பள்ளியில் நீளம் தாண்டுதலுக்குப் பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு மணல்குழி ஓரம் நின்றேன். "வயதுக்கு வந்த பிள்ளை குதித்தால் கர்ப்பப்பை இறங்கிவிடும்" என்று சொல்லி, பட்டியலில் என் பெயரை அடித்துவிட்டார் உடற்கல்வி ஆசிரியர். வீட்டிலும் ஏன் என்று கேட்க ஆளில்லை. 1911இலேயே ஆஸ்திரியாவின் கிட்ஸ்புயலில் பவுலா லம்பெர்க் நீளப் பாவாடையோடு 22 மீட்டர் தாவியிருக்கிறார் என்று அன்று எனக்கு யாராவது சொல்லியிருக்கக் கூடாதா?

"அதுதான் 2014இல் ஒலிம்பிக்கில் சேர்த்துவிட்டார்களே, இன்னும் என்ன கோபம்?" என்பீர்கள். சேர்த்தார்கள். ஆண்களுக்கு 1924, பெண்களுக்கு 2014. அந்த 2014 ஒலிம்பிக் நடந்த ரஷ்யாவின் சோச்சியில் வான் 29 வயதில் 15ஆவது இடம் பெற்றார். உலக சாம்பியனாக இருந்த காலத்தில் வெளியே நிறுத்திவிட்டு, பிறகு கதவைத் திறந்ததற்கு நன்றி சொல்ல வேண்டுமா?

பழைய கதை என்றும் தள்ளாதீர்கள். தாவலும் பனிச்சறுக்கு ஓட்டமும் சேர்ந்த நார்டிக் கம்பைண்டில் 2026 ஒலிம்பிக்கிலும் பெண்களுக்கு இடமில்லை. போதிய நாடுகளிலிருந்து வீராங்கனைகள் இல்லையாம். ஒரு தலைமுறையை உள்ளே விடாமல் வைத்துவிட்டு ஆள் இல்லை என்கிறார்கள். அதை நாமும் வரலாறு என்று பகிர்கிறோம்.