சாக்ஸபோனுக்குப் பக்கத்து மேஜை

பிரான்ஸின் லியோன் நகரில் எங்கள் குடியிருப்பில் இரவு 10 மணிக்கு மேல் மிக்ஸி போட முடியாது. போட்டால் கீழ்வீட்டுப் பாட்டி மேலேறி வந்து, மரியாதையாக "போன்சுவார்" சொல்லிவிட்டுத்தான் திட்டுவார். நாலு வருடமாகத் தேங்காய்ச் சட்னியைச் சாயங்காலமே அரைத்து வைத்துக்கொள்கிற குடும்பம் எங்களுடையது. ரெஸ்டாரன்டில் கொஞ்சம் சத்தமாகச் சிரித்தாலே பக்கத்து மேஜையில் இரண்டு தலை திரும்பும்.

அப்படிப்பட்ட ஊரில் டிசம்பர் 31 ராத்திரி மட்டும் இவர்களுக்கு என்னதான் ஆகிறது?

அம்மா கும்பகோணத்திலிருந்து வந்திருந்தார். புத்தாண்டு விருந்தை, இங்கே 'ரெவெய்யோன்' என்பார்கள், ஒரு முறை காட்டலாமே என்று ஆசைப்பட்டேன். ஆளுக்கு 115 யூரோ, முழுப் பணமும் முன்கூட்டியே கட்ட வேண்டும். ரூபாயில் பெருக்கிப் பார்க்கக் கூடாது. பார்த்தேன், வயிறு எரிந்தது. மெனுவின் அடியில் 'நேரடி இசையுடன்' என்று போட்டிருந்தது. மூலையில் யாராவது அக்கார்டியனை மெல்ல வாசிப்பார்கள் என்று நம்பினேன்.

அக்கார்டியன் இருந்தது. கூடவே சாக்ஸபோன், டிரம்ஸ், ஆள் உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர். அதில் ஒன்று அம்மாவின் நாற்காலிக்கு மூன்றடி தள்ளி! மேஜை மாற்றித் தரக் கேட்டால் "கொம்ப்ளே, முஸ்யே", இடமில்லையாம்.

எட்டரைக்கு உட்கார்ந்தோம். எனக்கும் மனைவிக்கும் ஃபுவா க்ரா, அதாவது கொழுக்க வைத்த வாத்தின் ஈரல், வந்தது ஒன்பதேகாலுக்கு, சிப்பி பத்தரைக்கு. நடுவில் வெறும் தட்டும் டிரம்ஸும்தான். பன்னிரண்டு மணி வரை ஆட்களை எழுந்து போகாமல் பிடித்து வைக்க வேண்டுமே, அதனால் சமையலறை இழுக்கிறது, அந்த ஓட்டையைப் பாட்டால் அடைக்கிறார்கள். எதிரில் இருக்கும் மனைவியோடு நான் வாட்ஸ்அப்பில் பேசிக்கொண்டிருந்தேன். அம்மா ஏதோ கேட்டார். "என்னம்மா?" என்று கத்தினேன். அவர் கையை உதறிவிட்டுக் காதில் சேலைத் தலைப்பைச் சுற்றிக்கொண்டார்.

குழாய்த் தண்ணீர் ஒரு ஜாடி கேட்டேன். சாப்பாட்டோடு கேட்டால் அதை இலவசமாகத் தர வேண்டும் என்பது இந்த நாட்டுச் சட்டம். பரிமாறுபவர் காதில் என்ன விழுந்ததோ, இரண்டு பாட்டில் மினரல் வாட்டர் வந்தது. பில்லில் 14 யூரோ.

பதினொன்றுக்கு ஆளுக்கொரு பை கொடுத்தார்கள். அட்டைத் தொப்பி, ஊதுகுழல், அதில் வைத்து ஊத நெல்லிக்காய் அளவுக் காகித உருண்டைகள். தினமும் மெட்ரோவில் எதிரே உட்கார்ந்தால் முகம் கொடுக்காத அதே கனவான்கள் தொப்பியோடு நாற்காலி மேல் ஏறி நாப்கினைச் சுழற்றுகிறார்கள்! சுற்றட்டும், அவர்கள் பண்டிகை. ஆனால் ஒரு பச்சை உருண்டை நேராக என் கிளாஸில் விழுந்தபோது, அதை ஊதியவர் என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார் பாருங்கள், அதைத்தான் தாங்க முடியவில்லை.

இதெல்லாம் போகட்டும். அம்மா சுத்த சைவம் என்று புக்கிங்கின்போது மூன்று தடவை சொல்லியிருந்தேன். பரிமாறுபவர் ஒரு கிராத்தான் கொண்டு வந்து வைத்தார், ஓவனில் மேல்பக்கம் சிவக்கச் சுட்ட பதார்த்தம். கார்தோன் என்று ஒரு தண்டு, கிறிஸ்துமஸ் சமயத்தில் இந்த ஊர்க்காரர்கள் விரும்பிச் சாப்பிடுவது. "இறைச்சி ஏதும் இல்லையே?" என்று கத்தினேன். அவர் குனிந்து என் காதில் ஏதோ சொன்னார். அந்த நேரம் பார்த்து சாக்ஸபோன் உச்சத்துக்கு ஏறியது. எனக்கு 'வுவாலா' என்று கேட்டது. இதோ, எடுத்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். தலையாட்டினேன்.

பாட்டு ஓய்ந்த ஐந்து நிமிடத்தில் சும்மா மெனு அட்டையைப் புரட்டினேன். 'கார்தோன் ஆ லா முவால்' என்று இருந்தது. அவர் சொன்னது வுவாலா இல்லை, முவால். எலும்பு மஜ்ஜை. நிமிர்ந்து பார்த்தால் அம்மாவின் தட்டு காலி.

புகார் சொல்ல எழுந்தேன். மறுபடி டிரம்ஸ் ஆரம்பித்துவிட்டது. மேனேஜர் என் வாயசைவைப் பார்த்துவிட்டு, புன்னகையோடு "போன் அன்னே!" என்று புத்தாண்டு வாழ்த்துச் சொல்லிக் கை குலுக்கினார்.

மறுநாள் காலை அம்மா ஊருக்குப் போன் போட்டு சித்தியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "ஒரே இரைச்சல்டி. ஆனா ஒரு தண்டு குடுத்தான், அச்சு அசல் நம்ம வாழைத்தண்டு. அது மட்டும் அவ்வளவு ருசி, எப்படித்தான் பண்றானோ."

நான் போய் மிக்ஸியைப் போட்டேன்.