அருவியில் தண்ணீர் விழுகிறதா?

தம்பி: சுற்றுலாச் செலவுக் கணக்கெடுப்பில் கடைசிப் பகுதிக்கு வந்துவிட்டோம் அக்கா. கடந்த 365 நாளில் விடுமுறைக்காக உங்கள் குடும்பம் எவ்வளவு செலவு செய்தது? தோராயமாகச் சொன்னால் போதும்.

அக்கா: தோராயம் எதற்கு, சரியாகவே சொல்கிறேன். 48,000.

தம்பி: நாற்பத்தெட்டா! இந்தத் தெருவிலேயே நீங்கள்தான் அதிகம். எங்கே போனீர்கள்?

அக்கா: எங்கேயும் போகவில்லை.

தம்பி: அதாவது, பக்கத்தில் எங்கேயாவது...

அக்கா: பக்கத்திலும் இல்லை. விடுமுறை என்று வாசற்படி தாண்டவில்லை.

தம்பி: போகாமல் எப்படி அக்கா செலவு வரும்?

அக்கா: போயிருந்தால் இவ்வளவு ஆகியிருக்காது தம்பி.

தம்பி: சரி, அதை அப்புறம் பார்ப்போம். இந்தச் செலவுக்கு முன்கூட்டியே பணம் ஒதுக்கினீர்களா, இல்லை கையில் இருந்ததை எடுத்துச் செய்தீர்களா?

அக்கா: மாசம் 3,000 சீட்டுப் போடுகிறேன். ஆனி மாசம் எடுத்தால் 36,000 வரும். அது முழுக்க இதற்குத்தான்.

தம்பி: விடுமுறைக்கென்றே சீட்டா! ரொம்ப நல்ல பழக்கம். எங்கள் வீட்டிலும் தலைபாடாகச் சொல்கிறேன், ஒருவரும் கேட்கவில்லை.

அக்கா: உங்களுக்கு எந்த ஊர்?

தம்பி: சாத்தூர்ப் பக்கம்.

அக்கா: அங்கே அருவி இருக்கிறதா?

தம்பி: அருவியா? எங்கள் ஊரில் குழாயிலேயே தண்ணீர் வராது.

அக்கா: அப்படியென்றால் உங்களுக்குச் சீட்டுத் தேவையில்லை.

தம்பி: புரியவில்லை அக்கா.

அக்கா: நம் இலஞ்சியிலிருந்து குற்றாலம் அருவி சைக்கிள் மிதிக்கிற தூரம். ஜூன் பிறந்து காற்று திரும்பினதும் போன் வரும். "அக்கா, நல்லா இருக்கியா? கால்வலி எப்படி இருக்கு?" அதெல்லாம் கிடையாது. எடுத்ததும் ஒரே கேள்வி: "அருவியில் தண்ணீர் விழுகிறதா?"

தம்பி: விழுகிறது என்று சொன்னால்?

அக்கா: வருவார்கள்.

தம்பி: விழவில்லை என்று சொல்லிவிட்டால்?

அக்கா: வந்து, விழுகிற வரைக்கும் இருப்பார்கள். அதிகமாக விழுந்து பாதுகாப்பு வளைவான ஆர்ச்சுக்கு மேலே கொட்டினால் போலீஸ்காரர்கள் கயிற்றைக் கட்டிக் குளிக்கத் தடை போடுவார்கள். தடை நீங்குகிற வரைக்கும் இருப்பார்கள். பேரருவியில் தடை என்றால் ஐந்தருவி, அங்கேயும் தடை என்றால் என் வீட்டுக் குளியலறை.

தம்பி: ஓ, அப்படியா! உறவுக்காரர்கள் வந்த செலவைச் சொல்கிறீர்கள்.

அக்கா: இவ்வளவு நேரம் என்ன எழுதினீர்கள்?

தம்பி: நீங்கள் அந்தமானுக்குப் போய்விட்டு வெளியே சொல்லக் கூச்சப்படுகிறீர்கள் என்று நினைத்தேன்.

அக்கா: காப்பி குடியுங்கள்.

தம்பி: போன வருசம் சாரல் சீசனுக்கு எத்தனை பேர் வந்தார்கள்?

அக்கா: மூன்று தவணை. முதலில் சென்னை நாத்தனார், ஐந்து பேர், நாலு ராத்திரி. அடுத்து கோயம்புத்தூர்க் கொழுந்தன், கூட வேலை பார்க்கிற ஆள்களையும் சேர்த்து ஏழு பேர், மூன்று ராத்திரி. கடைசியாக என் தங்கை. மற்றவர்களைச் சொல்லிவிட்டு அவளை விட்டால் ஓரவஞ்சனை ஆகிவிடும். சம்பந்தி வீட்டாரை முதல் தடவையாகக் கூட்டிக்கொண்டு வந்தாள், நாலு ராத்திரி. சம்பந்திக்குத் தேங்காய்ப்பால் ஊற்றிச் சொதி வைக்காமல் இருக்க முடியுமா? தேங்காய் விற்கிற விலையில் சொதி!

தம்பி: திடீரென்று வந்துவிடுவார்களா?

அக்கா: திடீரென்று எப்படி வருவது? பொதிகை எக்ஸ்பிரசில் சாரல் நேரத்தில் டிக்கெட் கிடைக்குமா? முன்பெல்லாம் 120 நாளுக்கு முன்னாடியே முன்பதிவு. ஆடி மாசம் வருகிறவர்கள் பங்குனியிலேயே சொல்லிவிடுவார்கள். 2024 நவம்பரில் அதை 60 நாளாகக் குறைத்துவிட்டார்கள். இப்போது வைகாசியில்தான் சொல்கிறார்கள். ரயில்வேக்காரர்கள் புண்ணியத்தில் எனக்கு வருசத்துக்கு இரண்டு மாசம் நிம்மதி.

தம்பி: குற்றாலத்தில் அறை எடுத்துத் தங்கச் சொல்லலாமே? 7,500 ரூபாய் வரைக்குமான அறைக்கு ஜி.எஸ்.டி.யை 2025 செப்டம்பரில் 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைத்துவிட்டார்களே.

அக்கா: என் வீட்டில் எத்தனை சதவீதம்?

தம்பி: உங்கள் வீட்டுக்கு ஏது அக்கா வரி?

அக்கா: அப்புறம் ஏன் அறை எடுக்கப் போகிறார்கள்?

(பக்கத்து வீட்டுக்காரன் என்கிற முறையில் இடையில் ஒரு வார்த்தை. அக்கா வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் ஒரே சுவர். ஜூலை முழுக்க அந்தக் கொடியில் காயாமல் தொங்கிய துண்டுகளை எண்ணியிருக்கிறேன். ஒரு நாள் பதினான்கு. ஆகவே அந்த 48,000-ஐ நான் நம்புகிறேன். எங்கள் வீட்டுக் கணக்கை எடுக்க அந்தத் தம்பி வரவில்லை. என் மனைவியின் சொந்தமெல்லாம் மதுரையில். மதுரைக்காரர்களுக்கு முன்பதிவும் வேண்டாம், போனும் வேண்டாம். காரைத் தெருவில் நிறுத்திவிட்டுத்தான் ஹாரன் அடிப்பார்கள்.)

தம்பி: 48,000 எப்படி ஆனது என்று பிரித்துச் சொல்ல முடியுமா?

அக்கா: காலண்டருக்குப் பின்னால் எழுதிவைத்திருக்கிறேன். பலசரக்கும் காய்கறியும் 14,000. கறி, மீன் 11,500. பால், சிலிண்டர், கரண்ட் எல்லாம் சேர்த்துக் கூடுதலாக 4,500. பழைய குற்றாலம், ஐந்தருவி என்று சுற்றிக் காட்ட வேன் வாடகை 6,000.

தம்பி: வேன் வாடகையை அவர்கள் கொடுக்க மாட்டார்களா?

அக்கா: பையில் கையை விடுவார்கள். நம் வீட்டுக்காரர் "அட, இருக்கட்டும்" என்று சொல்கிற வரைக்கும் கை உள்ளேயே இருக்கும். வெளியே வந்ததை நான் பார்த்ததில்லை.

தம்பி: கரண்ட் எப்படிக் கூடும்? குளிப்பதெல்லாம் அருவியில்தானே?

அக்கா: அங்கேதான் விஷயமே. அருவியில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு எதுவும் போடக் கூடாது என்று தடை இருக்கிறது. அருவிக்கு நல்லது, நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தச் சோப்பு எங்கே போகும்? எல்லாவற்றையும் இங்கே வந்து போடுகிறார்கள். அதுவும் பச்சைத் தண்ணீரில் இல்லை. அருவியில் நின்று வந்தது குளிர்கிறதாம், வெந்நீர் வேண்டுமாம். இரண்டு மாசத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் ரேட்டே மாறிவிடும் என்று வருசம் பூரா விளக்கை அணைத்து அணைத்து நடக்கிறேன். ஒரே வாரத்தில் ஹீட்டரைப் போட்டுத் தாண்டவைத்துவிட்டார்கள். சென்னையிலிருந்து ராத்திரி பூரா ரயிலில் வந்து, இலஞ்சியில் வெந்நீரில் குளித்துவிட்டுப் போகிறார்கள் தம்பி.

தம்பி: 14.2 கிலோ சிலிண்டர் எத்தனை நாள் வந்தது?

அக்கா: மற்ற மாசம் நாற்பது நாள். ஜூலையில் பதினாறு.

தம்பி: கூட்டிப் பார்த்தால் 36,000-தான் வருகிறது. மீதி 12,000?

அக்கா: கிளம்பும்போது சும்மா அனுப்ப முடியுமா? மங்குஸ்தான், நேந்திரங்காய் சிப்ஸ், முறுக்கு எல்லாம் கட்டிக் கொடுத்தது ஒரு பக்கம். அல்வா இல்லாமல் போனால் திருநெல்வேலிச் சீமைக்கு வந்ததற்கு அடையாளம் என்ன என்று நாத்தனார் கேட்டார். அதற்காக இவர் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் பஸ்ஸில் போய் வாங்கி வந்தார். எல்லாம் சேர்த்து 8,000. பிள்ளைகள் கையில் ஆளுக்கு இவ்வளவு என்று கொடுத்தது 4,000.

தம்பி: அவர்கள் வரும்போது ஏதாவது வாங்கி வந்தார்களா?

அக்கா: அரைக் கிலோ மிக்சர். அதையும் அவர்கள் பிள்ளைகளே தின்றுவிட்டார்கள்.

தம்பி: சரி அக்கா. மாவட்டம் தென்காசி என்று போட்டுக்கொள்கிறேன்.

அக்கா: 2019-ல் மாவட்டத்தைப் பிரித்தார்கள், நானும் சந்தோசப்பட்டேன். விருந்தாளியில் பாதியைத் திருநெல்வேலிப் பக்கம் ஒதுக்குவார்கள் என்று பார்த்தால், எல்லாரும் தென்காசிக்கே வந்துவிட்டார்கள்.

தம்பி: இப்போது ஒரு சிக்கல். கணக்கெடுக்கிற இந்த டேப்லெட்டில், அதாவது டேப்பில், பயணம் என்றால் என்ன என்று விளக்கம் இருக்கிறது. வழக்கமாக இருக்கிற இடத்தை விட்டுப் போய் ஓர் இரவாவது தங்கியிருக்க வேண்டும்.

அக்கா: அப்படியென்றால் பதினொரு ராத்திரி போடுங்கள்.

தம்பி: எங்கே தங்கினீர்கள்?

அக்கா: அடுப்படியில். கட்டில் நாத்தனாருக்கு, பட்டாசல் கூடத்தில் பிள்ளைகள். இவர் வாசல் பக்கத் தார்சாவில் பைக்குக்கும் செருப்புக்கும் நடுவில் படுத்திருந்தார். அந்த இடத்துக்கு எத்தனை நட்சத்திரம் போடுவீர்கள்?

தம்பி: வீட்டுக்குள் இடம் மாறிப் படுத்தால் சேராது அக்கா. வீட்டைவிட்டுப் போக வேண்டும்.

அக்கா: அதையும் யோசித்தேன். சோறு யார் பொங்குவது?

தம்பி: உங்கள் நாத்தனார் வீட்டாரைச் சென்னையில் கேட்டிருந்தால் ஒழுங்காகப் பதிந்திருப்பார்கள். "பயணத்தின் நோக்கம்" என்று ஒரு கேள்வி. விடுமுறை, உறவினரைப் பார்த்தல், கோயில், மருத்துவம் என்று வரும். இவர்கள் உறவினரைப் பார்க்க வந்தவர்கள்.

அக்கா: யாரைப் பார்க்க?

தம்பி: உங்களைத்தான்.

அக்கா: மாசி மாசம் எனக்குப் பித்தப்பையில் கல் என்று ஆபரேஷன் செய்தார்கள். பாளையங்கோட்டையில் ஆறு நாள் படுத்திருந்தேன். ஒருத்தர் வந்து எட்டிப் பார்க்கவில்லை.

தம்பி: ஏன் அக்கா?

அக்கா: மாசியில் அருவியில் தண்ணீர் ஏது?

தம்பி: ...

அக்கா: ஆறிப்போகிறது, குடியுங்கள்.

தம்பி: அந்த ஆறு இரவை மருத்துவப் பயணம் என்று போடலாம். அதற்குக் கட்டம் இருக்கிறது.

அக்கா: கட்டாயம் போடுங்கள். நான் போன ஒரே டூர் அதுதான். படுக்கைக்கே சாப்பாடு வந்தது.

தம்பி: இப்போது இந்த 48,000-ஐ எங்கே எழுதுவது என்றுதான் தெரியவில்லை.

அக்கா: நாத்தனார் வீட்டில் கேட்டால் தங்கின செலவு எவ்வளவு என்று எழுதுவீர்கள்?

தம்பி: உறவினர் வீடு என்றால் வாடகை பூஜ்யம்.

அக்கா: சாப்பாடு?

தம்பி: உங்கள் வீட்டில்தானே சாப்பிட்டார்கள். பூஜ்யம். ரயில் டிக்கெட் மட்டும்தான் செலவு.

அக்கா: என் வீட்டில் கேட்டால்?

தம்பி: நீங்கள் எங்கேயும் போகவில்லை. அதனால் பூஜ்யம்.

அக்கா: அங்கேயும் சைபர், இங்கேயும் சைபர். நடுவில் இருந்த 48,000 எங்கே?

தம்பி: டேப்பில் இல்லை அக்கா.

அக்கா: என் கையிலும் இல்லை. சீட்டுப் பணம் போகப் பன்னிரண்டாயிரம் துண்டு விழுந்ததற்குக் கம்மலை அடகு வைத்தேன். அது ஒரு ராசியான கம்மல். 2020-லும் 2021-லும் கொரோனாவுக்காகச் சாரல் முழுக்கக் குளிக்க விடவில்லை. ஈ, காக்காய் வரவில்லை. ஒரு வருசச் சீட்டில் கிரைண்டர் வாங்கினேன், மறு வருசச் சீட்டில் அந்தக் கம்மல். அருவி அடைத்த காசில் வாங்கினது, அருவி திறந்ததும் போய்விட்டது.

தம்பி: நீங்களும் ஒரு முறை சென்னைக்குப் போய் நாலு நாள் இருந்துவிட்டு வரலாமே? கணக்கு நேராகிவிடும்.

அக்கா: பையன் கவுன்சலிங்குக்குப் போனோம். நாத்தனார் பாசமாகத்தான் வரவேற்றார். செருப்பைக் கழற்றுவதற்குள், "ரிட்டர்ன் டிக்கெட் எப்போ போட்டிருக்கீங்க?" என்று கேட்டார்.

தம்பி: எப்போது போட்டிருந்தீர்கள்?

அக்கா: அன்றைக்கு ராத்திரியே.

தம்பி: சரி அக்கா, முடிந்தது. போன் நம்பர் மட்டும் சொல்லுங்கள்.

அக்கா: எதற்கு?

தம்பி: நான் நிஜமாகவே வந்து கேட்டேனா என்று மேலதிகாரி ஒரு தடவை கூப்பிட்டுச் சரிபார்ப்பார்.

அக்கா: அவருக்கு எந்த ஊர்?

தம்பி: சென்னை.

அக்கா: பிள்ளை குட்டி இருக்கிறதா?

தம்பி: இரண்டு பிள்ளைகள் என்று நினைக்கிறேன்.

அக்கா: பக்கத்து வீட்டு நம்பரைத் தருகிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.