எனக்குக் கோபம் வந்தது அந்தப் பள்ளி நிர்வாகத்தின் மீதுதான்

‘பேட் ஜீனியஸ்’ என்று பேச்செடுத்தாலே எல்லோரும் பியானோவில்தான் போய் நிற்கிறார்கள். நியாயம்தான். 2017இல் வந்த இந்தத் தாய்லாந்துப் படத்தில், வங்கிக் கொள்ளைப் படத்துக்குரிய பதைபதைப்பைப் பரீட்சைக் கூடத்துக்குள் கொண்டுவந்துவிட்டார் இயக்குநர் நட்டாவுட் பூன்பிரியா. கேள்விக்குக் கீழே வரும் ஏ, பி, சி, டி விடைகள் நான்கிற்கும் ஆளுக்கொரு பியானோ மெட்டு. படிப்பில் கெட்டிக்காரியான நாயகி லின் மேசையில் விரலால் வாசிப்பாள். காசு கொடுத்த பையன்கள் பார்த்துக் குறித்துக்கொள்வார்கள். அதற்கும் முன்னால், தோழி கிரேஸுக்காக ரப்பரில் விடைகளை எழுதி, ஷூவுக்குள் போட்டுக் காலாலேயே பின்னால் தள்ளிவிடுகிறாளே, அந்தக் காட்சியில் ஷூ தரையில் நகர்வதற்கே நமக்கு மூச்சு முட்டுகிறது.

ஆனால் என் மனதில் தங்கியது தொடக்கத்தில் வரும் நேர்முகத் தேர்வுதான். பெரிய பள்ளி. லின்னின் அப்பா சாதாரண ஆசிரியர். போக்குவரத்துச் செலவு, சாப்பாட்டுச் செலவு என்று அந்தப் பெண் மனக்கணக்காகவே அடுக்கி, இந்தப் பள்ளி தனக்குக் கட்டுப்படியாகாது என்கிறாள். அசந்துபோய்க் கல்விக் கட்டணத்தை விலக்கிவிடுகிறார்கள், மதியச் சாப்பாடும் இலவசம். எவ்வளவு பெரிய மனது என்று நினைத்தேன். ‘நன்கொடை’ என்ற பெயரில் அதே பள்ளி அப்பாவிடம் பணம் கறந்தது பிறகல்லவா தெரிகிறது! மதிப்பெண்ணுக்கு விலை வைக்கலாம் என்பதை லின் தானாகக் கண்டுபிடிக்கவில்லை. சேர்க்கைக்கு விலை வைத்த இடத்தில் படித்தவள் அவள்.

(இனி கதையின் பின்பாதியைச் சொல்லப்போகிறேன். படம் பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.)

லின்னின் பள்ளியிலேயே படிக்கும் பேங்க் என்ற பையனைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. அம்மா சலவைக்கடை நடத்துகிறார். காப்பியடிப்பதைக் கண்டால் போய்ச் சொல்லிவிடுகிற அளவுக்கு நேர்மை. பணக்காரப் பையன் பாட் ஆள் வைத்து அவனை அடிக்கிறான், உதவித்தொகைத் தேர்வு கைநழுவிப் போகிறது. ஒன்றும் அறியாததுபோல் அதே பாட் கூட்டம் அவனிடமே வேலை கொடுக்கிறது. லின்னும் அவனும் சிட்னி போய், அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் சேர்வதற்கான தேர்வை பாங்காக்குக்குச் சில மணி நேரம் முன்பே எழுதி, விடைகளை மனப்பாடம் செய்து அனுப்ப வேண்டும். மாட்டிக்கொள்வது யார்? பேங்க்தான். பெயரும் எதிர்காலமும் போவது படிக்கிற ஏழைப் பிள்ளைக்கு. அமெரிக்கப் பல்கலைக்கழகக் கனவு பணம் கொடுத்தவர்களுக்கு.

கடைசியில் லின் உண்மையைச் சொல்லப் போகிறாள். அங்கேதான் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம். ஒரு பெண் திருந்தினால் கணக்கு முடிந்துவிடுமா? நன்கொடை வாங்கியவர்களை யார் கேட்டார்கள்? அதைவிட, புதுப்பித்த சலவைக்கடையில் நின்றுகொண்டு, அடுத்த மோசடிக்கு வராவிட்டால் காட்டிக்கொடுத்துவிடுவேன் என்று லின்னையே மிரட்டுகிற பேங்க்தான் நம்பும்படி இருந்தான்.

2024இல் இதையே ஆங்கிலத்தில் மறுபடி எடுத்தார்கள். நீங்கள் தாய்லாந்துப் படத்தையே பாருங்கள், வசன வரிகளோடு.