கிஃப்ட் கார்டு லாபம் குழுவின் பொது நிதிக்குத்தான் போக வேண்டும்

பையனின் பள்ளி பேண்டு வாத்தியக் குழுவுக்கு இந்த வருஷமும் கிஃப்ட் கார்டு விற்றுத்தான் காசு சேர்க்கிறோம். போன வாரப் பெற்றோர் கூட்டத்தில் ஒருவர், "நான் வாங்குற கார்டுல வர்ற லாபத்தை என் பிள்ளை ஃபீஸ்ல கழிச்சுக்கலாமே" என்றார். நிறையப் பேர் தலையாட்டினார்கள். எனக்கு இதில் துளியும் சம்மதமில்லை.

அமெரிக்காவுக்குப் புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன், இதை இங்கே ஸ்கிரிப் என்பார்கள். கடைக்காரர் 100 டாலர் கார்டைக் குழுவுக்குக் கொஞ்சம் குறைத்துத் தருவார், நாம் 100 கொடுத்து வாங்குவோம், கார்டிலும் முழுசாக 100 இருக்கும், நடுவில் மிஞ்சுவது பிள்ளைகளுக்கு. மாசம் 600 டாலருக்கு மளிகை வாங்குகிற வீட்டில் 4 சதவீதம் கிடைத்தால் 24 டாலர், பத்து மாசத்தில் 240. எப்படியும் செலவாகிற காசு. பிள்ளைகள் சாக்லேட் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகக் கதவைத் தட்ட வேண்டாம். நாம் வாங்குகிற தொகையில் ஒரு பங்கை நன்கொடையாகத் தரும் அமேசான்ஸ்மைல் திட்டம் இருந்தபோது 0.5 சதவீதம்தான் வந்தது, அதையும் 2023 பிப்ரவரியில் மூடிவிட்டார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வியாழக்கிழமை ராத்திரி சாப்பாட்டு மேசையில் கார்டுகளைப் பரப்பி, பெயர் எழுதிய உறைகளில் போடுவது என் வேலை. ஒவ்வொன்றும் ரொக்கம் மாதிரி, தொலைந்தால் போச்சு, அதனால் இரண்டு தடவை எண்ணுவேன். அதில் ஓர் உறையில் எப்போதும் ஒரே ஒரு 25 டாலர் பெட்ரோல் கார்டுதான் இருக்கும். இரண்டு இடத்தில் வேலை பார்க்கிற ஓர் அம்மா வாங்குவது. பெட்ரோலுக்குக் கழிவு ரொம்பக் குறைவு, 2 சதவீதம் என்று வைத்தாலும் அரை டாலர். அவர் மகள் கிளாரினெட் வாசிக்கிறாள். அந்தப் பெற்றோர் சொல்கிற கணக்குப்படி அந்தப் பெண்ணுக்குத் தடவைக்கு அரை டாலர், பெரிய வீட்டுக்காரர் பிள்ளைக்கு ஃபீஸே கிடையாது. இது எந்த ஊர் நியாயம்?

சட்டமும் இதை ஏற்பதில்லை. வர்ஜீனியாவில் ஒரு ஜிம்னாஸ்டிக்ஸ் பெற்றோர் சங்கம் இப்படித்தான் விற்றவர் கணக்கிலேயே லாபத்தை வரவு வைத்தது, 2013ல் வரி நீதிமன்றத்தில் தோற்று வரிவிலக்கையே இழந்தது.

செவ்வாய்க்கிழமை இதற்கு ஓட்டெடுப்பு. பேண்டில் பிள்ளை இருக்கிற நம்ம ஆட்கள் தயவுசெய்து வந்துவிடுங்கள், அந்த அம்மாவுக்கு அன்றைக்கு ராத்திரி ஷிஃப்ட், அவரால் வர முடியாது.