அந்தப் பாடத்துக்குத் தேதி போட்டீர்களா?

போன ஞாயிறு காலை எட்டு மணிக்குக் கதவைத் தட்டினார்கள். பெங்களூரு ஸ்ரீராமபுரத்தில் எங்கள் தெருமுனையில் பூக்கட்டி விற்கும் அக்கா. பின்னால் அவர் மகள், லேப்டாப்பைக் காய்ச்சல்கார குழந்தையைத் தூக்கி வருவதுபோல் மார்போடு அணைத்துக்கொண்டு.

"தம்பி, பாப்பா ராத்திரி முழுக்கத் தூங்கல. எதையோ அழுத்திட்டாளாம், உடைஞ்சு போச்சுங்கறா. ஒன்பதாயிரம் குடுத்து வாங்கினது."

உடையவில்லை. கட்டளைகளை எழுத்தாக அடிக்கிற ஜன்னலான டெர்மினல் திறக்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் அவள் பார்த்துப் படித்த வீடியோக்களில் எல்லாத் தப்பையும் சரிசெய்வது டெர்மினலில்தான். அதுவே திறக்காவிட்டால் எதை வைத்து எதைச் சரிசெய்வது? பத்தொன்பது வயதில் நானும் அழுதிருப்பேன்.

பெண் பி.சி.ஏ. இரண்டாம் வருடம். எஸ்.பி. ரோட்டில் வாங்கிய பழைய லேப்டாப். விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 கேட்கிற டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இந்த மெஷினில் இல்லை. கடைக்காரரே "லினக்ஸ் போட்டுக்கோம்மா, நல்லா ஓடும்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். வீட்டுக்கு வந்து, யார் துணையும் இல்லாமல், பென்டிரைவில் உபுண்டு 24.04 என்ற லினக்ஸ் வகையை ஏற்றித் தானே நிறுவிவிட்டாள். அதற்கே ஒரு ஷொட்டு கொடுக்கலாம்.

சிக்கல் அடுத்த நாள் தொடங்கியது. பைத்தான் நிரல்மொழியில் ஏதோ ஒரு நூலகம், அதாவது யாரோ எழுதிவைத்த ஆயத்த நிரல்தொகுப்பு, வேண்டும். வீடியோவில் சொன்னபடி பிப் இன்ஸ்டால் என்று அடித்தாள். சிவப்பில் ஒரு பத்தி வந்தது: இந்தச் சூழலை வேறொருவர் நிர்வகிக்கிறார், கை வைக்காதே. உபுண்டு தன் சொந்த வேலைகள் பலவற்றைப் பைத்தானில்தான் செய்துகொள்கிறது. நாம் போய் அதே இடத்தில் நமக்கு வேண்டியதைக் கொட்டினால் அதன் வேலை கெடும். அதனால் 2023 வாக்கில் உபுண்டு, டெபியன் போன்ற லினக்ஸ் வகைகள் எல்லாம் இந்தத் தடுப்பைப் போட்டன. உனக்கென்று ஒரு தனி அறை, அதாவது ஒரு வெர்ச்சுவல் என்விரான்மென்ட், போட்டுக்கொண்டு அதற்குள் என்ன வேண்டுமானாலும் செய் என்பதுதான் ஏற்பாடு.

வீடியோ 2021-ல் எடுத்தது. அதற்கு இதெல்லாம் தெரியாது. வீடியோவின் கீழே ஒரு புண்ணியவான் வைத்தியம் எழுதியிருந்தார்: கட்டளையின் கடைசியில் 'பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்' என்று சேர்த்துக்கோங்க, வேலை செய்யும். சிஸ்டத்தை உடைத்தாலும் பரவாயில்லை என்று பெயரிலேயே கையெழுத்து வாங்குகிற சொல் அது. நன்றி தெரிவித்து வரிசையாக இதயக்குறிகள் வேறு.

அதுவும் முழுசாக உதவவில்லை. இரண்டாவது வீடியோவுக்குப் போனாள். அவர், இந்த நூலகத்துக்குப் பைத்தான் 3.9 தான் சரி என்று சொல்லி, மெஷினின் இயல்புப் பைத்தானையே 3.9-க்கு மாற்ற வைத்தார். உபுண்டு 24.04 தன் வேலைக்கு நம்பியிருப்பது 3.12. டெர்மினலைத் திறந்துவிடும் சின்ன நிரலும் பைத்தானில் எழுதியதுதான். அடித்தளமே மாறிப்போனதும் அது படுத்துவிட்டது.

கன்ட்ரோல், ஆல்ட், எஃப் 3 மூன்றையும் சேர்த்து அழுத்தினேன். கருப்புத் திரை வந்தது. பயனர் பெயர் கேட்டது, அடித்தேன். பாஸ்வேர்டை அவளை அடிக்கச் சொன்னேன். பாஸ்வேர்டு அடிக்கும்போது திரையில் ஒரு புள்ளிகூட வராதில்லையா, அக்கா பதறிப்போய் "தம்பி, கீபோர்டும் போயிடுச்சா?" என்றார். உள்ளே போய், 3.9-ஐக் காட்டிக்கொண்டிருந்த இணைப்பை 3.12-க்குத் திருப்பினேன். ஒரு வரி. டெர்மினல் திறந்தது. மொத்தமே நாலு நிமிஷம். ஒரு ராத்திரித் தூக்கம் போனது அந்த நாலு நிமிஷத்துக்காக.

வீடியோ போட்டவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் சொன்னது அன்றைக்குச் சரி. அப்புறம் யாரும் திரும்பி வந்து பார்க்கவில்லை. என் ஆதங்கம் அதில்தான்.

லினக்ஸ் மாதிரி யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், மாற்றலாம் என்று விடப்பட்ட கட்டற்ற மென்பொருள் உலகில் செய்தி படிக்கிற கூட்டம் ஒன்று, பாடம் படிக்கிற கூட்டம் ஒன்று. இரண்டும் சந்திப்பதே இல்லை. நானும் நண்பர்கள் நாலைந்து பேரும் மாதத்தில் ஒருநாள் அல்சூர் ஏரிப் பக்கம் டீக்கடையில் உட்கார்ந்து செய்தி பேசுகிறவர்கள். 2024 மார்ச்சில் ரெடிஸ் என்ற தரவுத்தள மென்பொருள் தன் கட்டற்ற உரிமத்தை மாற்றியபோது அடித்துக்கொள்ளாத குறை. அடுத்த சில நாட்களில் லினக்ஸ் ஃபவுண்டேஷன் குடையின்கீழ் அதன் கட்டற்ற கிளையாக வால்கீ பிறந்தது, 2025 மே மாதம் ரெடிஸே ஏஜிபிஎல் என்ற கட்டற்ற உரிமத்தோடு திரும்பி வந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு டீ, ஒரு சண்டை. ஆனால் ரெடிஸ் நிறுவச் சொல்லித்தரும் தமிழ்ப் பாடங்களில் இதைப்பற்றி ஒரு வரியாவது சேர்த்தோமா என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும்தான்.

சர்வர்களில் ஓடிய சென்ட் ஓஎஸ் என்ற லினக்ஸ் வகையின் கதை இன்னும் மோசம். 2029 வரை இருக்கும் என்று நம்பியிருந்த சென்ட் ஓஎஸ் 8-ஐ 2021 கடைசியிலேயே முடித்துக்கொள்வதாக அதற்குப் பின்னால் இருந்த ரெட் ஹாட் நிறுவனம் 2020 டிசம்பரில் அறிவித்தது. 7-ம் 2024 ஜூன் 30-ஓடு போயிற்று. இன்றைக்கும் 'சர்வர் அமைப்பது எப்படி' என்று தேடினால் சென்ட் ஓஎஸ் பாடம் வந்து நிற்கிறது. புதிதாகப் படிக்கிற பையன் அதைப் பார்த்து, மென்பொருள் நிறுவுகிற யம் கட்டளை அடித்தால், மூடிவிட்ட முகவரியைத் தேடித் தேடிப் பிழை காட்டும். தப்பு தன்மேல்தான் என்று அவன் நினைத்துக்கொள்வான். நமக்கு லினக்ஸ் ஒத்துவராது என்று போய்விடுகிறவர்களில் பாதிப் பேர் இப்படிப் போனவர்கள் என்பது என் சந்தேகம்.

கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்ஜெட் மென்பொருளின் விவகாரத்தை எல்லோரும் துப்பறியும் கதைபோல் சொன்னோம். 2024 மார்ச் 29. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் நிரலாளர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட், எஸ்எஸ்ஹெச் வழியாக வேறொரு கணினிக்குள் நுழைய அரை நொடி கூடுதலாகப் பிடிப்பதைக் கவனித்து, ஏன் என்று தோண்டப்போய், எக்ஸ்ஜெட் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ கள்ளக்கதவு வைத்திருப்பதைக் கண்டுபிடித்தார். எக்ஸ்ஜெட்டைப் பல வருடங்களாகச் சம்பளம் இல்லாமல் பராமரித்து வந்தவர் ஒருவர். அவர் களைத்திருந்த நேரம் பார்த்து, ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் உதவுகிறேன் என்று வந்து, இரண்டு வருடத்துக்கு மேல் நல்லபிள்ளையாக இருந்து, நம்பிக்கை சம்பாதித்து, கடைசியில் வைத்த கதவு அது. அக்கா மகள் நிறுவிய அதே உபுண்டு 24.04-இன் பீட்டா, அதாவது சோதனைப் பதிப்பு, உள்ளிருக்கிற மென்பொருள் பொதிகளையெல்லாம் மறுபடி கட்ட வேண்டியிருந்ததால், ஒரு வாரம் தள்ளிப்போனது.

அதில் என் மனதில் தங்கியது அந்த அரை நொடி. ஒருவரால் அதைச் சும்மா விட முடியவில்லை. நம்முடைய பாட வீடியோக்களில் அடிக்கடி கேட்கிற வாசகம் என்ன? "இந்த வார்னிங் வரும், கண்டுக்காதீங்க, என்டர் தட்டிட்டுப் போய்ட்டே இருங்க." ஒரு தலைமுறைக்கே கண்டுக்காதே என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, ஃப்ராய்ண்ட்போல் நம்மிடமிருந்து ஏன் ஒருவர் வரவில்லை என்று மேடையில் கேட்கிறோம்.

வீடியோவில் இன்னொரு தொல்லை. போட்டதைத் திருத்த முடியாது. யூடியூபில் வெட்டலாம், மங்கலாக்கலாம், அதே முகவரியில் புது வீடியோவை வைக்க முடியாது. எழுத்து அப்படி இல்லை, ஒரு வரியை மாற்றிச் சேமித்தால் தீர்ந்தது. ஆர்ச் லினக்ஸின் உதவித்தளமான ஆர்ச் விக்கியில் ஒரு பக்கம் பழசாகிவிட்டால் தலையிலேயே பட்டை கட்டிவிடுகிறார்கள். டிஜிட்டல் ஓஷன் என்ற சர்வர் நிறுவனத்தின் பாடங்களிலும் பதிப்பு காலாவதியானால் மேலே குறிப்பு வைத்து, புதிய பாடத்துக்குக் கைகாட்டியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். தமிழில் கணியம் மின்னிதழ் 2012-இலிருந்து எழுத்தாகவே போட்டுக்கொண்டு வருகிறது. அந்த வழக்கம் பெருக வேண்டிய நேரத்தில் நாம் எல்லோரும் கேமரா முன்னால் போய் நின்றுகொண்டோம். பார்வைக்கணக்கு அங்கேதான் ஏறுகிறது, புரிகிறது. ஆனால் வீடியோ போட்டாலும் கட்டளைகளையாவது எழுத்தில் ஒரு பக்கம் வையுங்கள்.

சாட்பாட்டைக் கேட்டுக்கொள்ளலாமே என்பீர்கள். அவள் கேட்டிருக்கிறாள். அதுவும் பணிவாக, எண் போட்டு, அதே பழைய வைத்தியத்தைத்தான் சொல்லியிருக்கிறது. அது படித்ததும் நாம் விட்டுப்போன பாடங்களைத்தானே!

பணம் கிடையாது என்ற சமாதானம் முன்பு செல்லும். இப்போது நம் ஊர் பங்குத்தரகு நிறுவனம் ஜெரோதாவே 2024 அக்டோபரில் ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் கட்டற்ற மென்பொருள்களுக்கென்று ஒதுக்கியது. நல்ல காரியம். ஆனால் பழைய பாடத்தைத் திருத்த யாரும் நிதி தரவேண்டியதில்லை, ஒரு ஞாயிறு மத்தியானம் போதும்.

இதையெல்லாம் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? அக்கா போனதும் என் பழைய வலைப்பதிவைத் திறந்தேன். 2016-ல் நான் எழுதிய நிறுவல் குறிப்பு. மூன்றாவது வரியிலேயே ஆப்ட்-கீ. அந்தக் கட்டளை, மென்பொருள் நம்பகமான இடத்திலிருந்துதான் வருகிறதா என்று சரிபார்க்க ஒரு மென்பொருளுக்காகச் சேர்க்கிற சாவியை, மெஷின் மென்பொருள் இறக்குகிற அத்தனை களஞ்சியங்களுக்கும் செல்லுபடியாக்கிவிடும். சிலிண்டர் போட வருகிறவரிடம் வீட்டுச் சாவிக்கொத்தையே கொடுத்து அனுப்புகிற மாதிரி. அது ஆபத்து என்றுதான் கைவிட்டார்கள், 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-ல் அந்தக் கட்டளையே கிடையாது. என் பதிவின் கீழே 2023-ல் ஒருவர், "அண்ணா, இது வேலை செய்யவில்லை, வேறு வழி உண்டா?" என்று கேட்டிருக்கிறார். நான் பார்த்திருக்கிறேன், ஒரு லைக்கும் போட்டிருக்கிறேன். பதில் போடவில்லை.

அன்று ராத்திரி அதைத் திருத்தினேன். மேலே எந்த உபுண்டு, எந்தத் தேதியில் ஓட்டிப் பார்த்தேன் என்று எழுதினேன். எங்கே சிவப்பு வரும், அது என்ன சொல்கிறது என்றும் எழுதினேன். மூன்று வருடம் கழித்து அந்தத் தம்பிக்குப் பதிலும் போட்டேன். "பரவாயில்லண்ணா, நான் இப்ப மேக்குக்கு மாறிட்டேன்" என்று வந்தது.

பழைய பதிவுகள் இன்னும் பதினொன்று கிடக்கின்றன. இந்த வாரம் மூன்று பார்க்கிறேன். ஓட்டிப் பார்க்க அக்கா மகள் வருகிறாள், புது மெஷினில் முதல் வரியிலிருந்து அடித்து, எங்கே இடிக்கிறது என்று சொல்வாள். பாடம் எழுதி விட்டுப்போனவர்கள் யாராவது இதைப் படித்தால் உங்கள் பக்கத்தின் சுட்டியைக் கீழே போடுங்கள், அதையும் ஓட்டிப் பார்த்துவிடுவோம்.