சும்மா வீட்டிலதான் சார் இருந்தேன்

வெள்ளிக்கிழமை எங்கள் கல்லூரி ஆடிட்டோரியத்தில் நடந்ததை மறுபடி விளக்கப் போவதில்லை. வீடியோ எல்லா குரூப்பிலும் சுற்றிவிட்டது. எனக்கே நாலு பேர் அனுப்பினார்கள், கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிற பொம்மையோடு. மேடையில் பேச வந்தவர் என்னிடம், "சனி, ஞாயிறுல உங்களை வளர்த்துக்க என்ன பண்றீங்க?" என்று கேட்டார். "சும்மா வீட்டிலதான் சார் இருந்தேன், அம்மாகூட" என்றேன். "இன்னும் தொட்டில்ல இருந்து இறங்கலையா?" என்றார். அரங்கமே சிரித்தது. சரி, நகைச்சுவைதான். நானும் சிரித்தேன், வீடியோவில் நன்றாகத் தெரிகிறது.

ஆளுமை வளர்ச்சி பற்றி இரண்டு மணி நேரம் பேசியவருக்கு வீடு என்றால் படுத்துத் தூங்குகிற இடம் என்றுதான் தோன்றியிருக்கிறது. என் எரிச்சல் அதில்தான். என் சனி, ஞாயிறு வீணாகப் போகவில்லை. அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் மதுரை ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினால் நிலக்கோட்டை. அங்கிருந்து ஊருக்கு மினி பஸ். சனிக்கிழமை விடியற்காலை நாலரைக்கு அம்மா என் காலைத் தட்டுவாள். மல்லிகையை மொட்டாக இருக்கும்போதே பறித்துவிட வேண்டும். விரிந்துவிட்டால் சந்தையில் சீந்த ஆள் இல்லை. தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு, முதுகு நிமிராமல், செடி செடியாகப் போக வேண்டும். விடிந்ததும் அப்பா பூவை வண்டியில் வைத்துச் சந்தைக்குக் கிளம்புவார். வீட்டுக்கு எடுத்து வைத்த பூவை அம்மா, அத்தை, நான் மூவரும் திண்ணையில் உட்கார்ந்து கட்டுவோம்.

அம்மா பூவைப் பார்க்காமலே கட்டுவாள். கண் தெருவில் இருக்கும், வாய் அத்தையோடு பேசிக்கொண்டிருக்கும், விரல் மட்டும் இரண்டு மொட்டு இந்தப் பக்கம், இரண்டு அந்தப் பக்கம் வைத்து நூலைச் சுண்டி இழுத்துக்கொண்டே இருக்கும். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கட்டுவேன். "உன் சரம் பல்லு விழுந்த கிழவி மாதிரி இருக்குடி" என்பாள் அத்தை. அப்பா திரும்பும்போது ஹேண்டில்பாரில் வடைப் பொட்டலம் தொங்கினால் விலை பரவாயில்லை என்று அர்த்தம். தொங்காவிட்டால் யாரும் ஒன்றும் கேட்க மாட்டோம். இதுதான் சார் என் தொட்டில்.

வளர்ச்சி வேண்டும் என்கிறீர்களா, அதையும் சொல்கிறேன். தை மாதப் பனியில் பூ வராது. கிலோ 2000 ரூபாயைத் தாண்டும், ஆனால் நம் கையில் இருப்பது ஒரு கிலோ, ஒன்றரை கிலோ. கோடையில் செடி கொட்டும், அப்போது சென்ட் ஆலைக்காரர்கள் வைத்ததுதான் விலை. தேவை, அளிப்பு என்று வகுப்பில் போர்டில் கோடு போட்டபோது எனக்கு அப்பாவின் ஹேண்டில்பார்தான் ஞாபகம் வந்தது. போன தையில் நானும் கமிஷன் கடைக்குப் போனேன். ஒன்றரை கிலோ, கிலோ 2200, மொத்தம் 3300. பத்து சதவீதக் கமிஷன் 330. சீட்டில் 430 என்று இருந்தது. முதல் வருஷத்தில் பஸ்ஸில் சில்லறை கேட்கக்கூட வாய் வராதவள் நான். "அண்ணே, இதை ஒரு தடவை பாருங்க" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி மாட்டினார், 100 ரூபாயை எடுத்து நீட்டினார். அம்மா அதை ஒரு வாரம் தெரு முழுக்கச் சொன்னாள். இதற்கு சர்டிபிகேட் தர மாட்டார்களாம்.

இனி கமெண்ட்காரர்கள். வீட்டில் அம்மாவோடு சந்தோஷமாகப் பூக் கட்டினேன் என்று வீடியோவுக்குக் கீழே ஒரு வரி எழுதியிருந்தேன், அதற்கு வந்தவை இவை. "அவர் நல்லதுக்குத்தானே சொன்னார்?" இருக்கலாம். மேடையில் எனக்கு இங்கிலீஷ் வராது, மைக்கைப் பார்த்தால் கை நடுங்கும். அதை ஒத்துக்கொள்கிறேன். "இன்டர்ன்ஷிப் இல்லாமல் வேலை எப்படி கிடைக்கும்?" நியாயமான கேள்வி. வார நாட்களில் சாயந்திரம் டேலி என்ற கணக்கு சாஃப்ட்வேர் வகுப்புக்குப் போகிறேன், போதாது என்றும் தெரியும். "அரசுப் பள்ளியில் படித்து, புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வாங்கிக்கொண்டு பூக் கட்டவா போகிறாய்?" என்று ஒரு அண்ணன் கேட்டிருக்கிறார். ஆமாம் அண்ணா, பூக் கட்டத்தான் போகிறேன். உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கும் யாரோ கட்டியதுதான்.

"வறுமையை அழகாகக் காட்டுகிறாய்" என்று என் வகுப்புத் தோழியே எழுதியதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. எங்கே காட்டினேன்? அம்மாவின் கட்டைவிரலில் நூல் அறுத்து அறுத்து ஒரு பள்ளம் இருக்கிறது. அதில் ஒரு அழகும் இல்லை, இரவில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு படுப்பாள். மதுரை மல்லிக்கு 2013-லேயே புவிசார் குறியீடு கொடுத்தார்கள், எங்கள் திண்டுக்கல் மாவட்டமும் அதில் சேர்த்தி. பூவுக்குக் கிடைத்த மரியாதை அந்த விரலுக்குக் கிடைக்கவில்லை என்பது எனக்கும் தெரியும். அதற்காக அந்தத் திண்ணையில் நான் சிரிக்கக் கூடாதா? சந்தோஷமாக இருந்தேன் என்று சொல்ல யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்? எனக்குப் புரியவில்லை, உண்மையாகவே புரியவில்லை.

நேற்று ராத்திரி அம்மா போன் செய்தாள். அத்தை மகன் வீடியோவைக் காட்டிவிட்டான். அழப்போகிறாள் என்று பயந்தேன். "அந்தப் பச்சைச் சுடிதார் உனக்கு எடுப்பா இருக்கு பாப்பா" என்றாள். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், "ஏன் சும்மா இருந்தேன்னு சொன்ன? கடைக்காரன்கிட்ட கணக்குக் கேட்டியே, அதைச் சொல்லியிருக்கலாம்ல?" என்றாள்.

மேடையில் பேசியவர் சொல்லவில்லை, அரங்கம் சொல்லவில்லை. 'சும்மா' என்று சொன்னது நான்தான். மூன்று நாளாக ஊரையெல்லாம் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

வரும் வெள்ளிக்கிழமை அந்த நிகழ்ச்சிக்கு இரண்டாம் பாகமாம், சாயந்திரம் ஆறு மணி வரைக்கும். நான் பெயர் கொடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம், சனிக்கிழமை காலையில் பூ நிறைய வேண்டும். நாலே முக்கால் பஸ்ஸைப் பிடித்தால்தான் மினி பஸ் கிடைக்கும்.