புல் முளைத்ததும் வேலை முடிந்துவிடாது

யுரேனியச் சுரங்க நிலங்களை மீட்பது பற்றிய ஞாயிற்றுக்கிழமைக் கலந்துரையாடலில் என்ன நடந்தது என்பதை உங்களில் பலர் பார்த்தீர்கள். முழுக்கதையையும் மறுபடி சொல்லப்போவதில்லை. அந்த இரண்டு படங்களைப் பற்றி மட்டும் பேசவேண்டும். இடப்பக்கம் சாம்பல் நிறத்தில் ஒரு கழிவுமேடு. வலப்பக்கம் அதே மேடு, பச்சைப்பசேலென்று. "இது யுரேனியம் எடுத்த இடம் என்று சொன்னால் நம்புவீர்களா? மீட்டுவிட்டோம், வேலை முடிந்துவிட்டது" என்றார் பேச்சாளர். எல்லோரும் கைதட்டினார்கள். கழிவின் மேல் போர்வைபோல மண்ணும் களிமண்ணும் போட்டு மூடியிருக்கும் இந்த மூடாக்கை இனிமேல் யார் பார்த்துக்கொள்வார்கள், அதற்கான பணம் எங்கே ஒதுக்கப்பட்டிருக்கிறது என்று நான் கேட்டேன். கேட்டது அவ்வளவுதான். "உங்களைப் போன்றவர்கள்தான் மக்களைப் பயமுறுத்துகிறீர்கள்" என்றார். கூட்டம் சிரித்தது. அடுத்தவரிடம் ஒலிவாங்கி போய்விட்டது.

மூன்று நாளாகியும் மனம் ஆறவில்லை. அதற்குள் பலர் என்னை மறுத்தும் கேள்வி கேட்டும் எழுதியிருக்கிறார்கள். இந்த வேலையில் என் வாழ்நாளில் சில ஆண்டுகளைக் கொடுத்திருக்கிறேன். அதனால் எழுதுகிறேன்.

புல் முளைத்ததும் வேலை முடிந்துவிடாது. இதைத்தான் அன்றைக்குச் சொல்ல நினைத்தேன்.

ஏன் என்று விளக்குகிறேன். தாதுவை மாவு போல அரைத்து, பெரும்பாலும் அமிலத்தில் கரைத்து, யுரேனியத்தைப் பிரித்தெடுத்துக்கொண்டு மிச்சத்தைச் சேறாகக் கொட்டுகிறார்கள். ஆலையை விட்டு வெளியே போவது யுரேனியம் மட்டும்தான். தாதுவில் இருந்த கதிரியக்கத்தில் ஏறத்தாழ 85 சதவீதம் அந்தச் சேற்றிலேயே தங்கிவிடுகிறது. அதில் ரேடியம்-226 இருக்கிறது. அது பாதியாகக் குறைய 1,600 ஆண்டுகள் ஆகும். அந்த ரேடியத்தை ஓயாமல் பெற்றுப்போடும் தோரியம்-230 இருக்கிறது. அது பாதியாக 75,000 ஆண்டுகள். ரேடியம் சிதைந்து ரேடான் வாயுவாகிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

மூடாக்கின் சூட்சுமம் இந்த ரேடானில்தான் இருக்கிறது. ரேடானின் அரை ஆயுட்காலம் 3.8 நாள்தான். ஈரமான கெட்டிக் களிமண்ணுக்குள் அது மெல்ல மெல்ல ஊர்ந்து மேலே வருவதற்குள் பெரும்பகுதி சிதைந்துபோக வேண்டும். அந்தக் களிமண் ஈரமாக இருக்கும்வரை, விரிசல் விழாதவரை எல்லாம் சரி. காய்ந்து வெடித்தாலோ, ஏதாவது பிராணி வளை தோண்டினாலோ, வேர் துளைத்தாலோ, வாயு வெளியே வர வழி கிடைத்துவிடும். மழைநீர் உள்ளே போகவும் அதே வழிதான். உள்ளே கந்தகம் கலந்த கனிமங்கள் இருந்துவிட்டால் நீரும் காற்றும் பட்டு அமிலம் உண்டாகும். அமிலம் உலோகங்களைக் கரைத்துக்கொண்டு ஓடைக்கு இறங்கும்.

வேர் என்று சொன்னேன் அல்லவா, அதை நான் என் கண்ணால் பார்த்தேன். கைவிடப்பட்ட ஒரு பழைய தளத்தில் ஒப்பந்தப் பொறியாளராக இருந்த காலம். மூடாக்கு போட்டுச் சில ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அதே போன்ற அழகான பச்சை. சோதனைக்குழி வெட்டி உள்ளே இறங்கினோம். மேல்மண், அதன் கீழே சரளை, அதன் கீழே களிமண். களிமண்ணின் வெட்டுமுகத்தைக் கரண்டியால் வழித்துச் சமமாக்கியபோது வெள்ளை நூல் போல ஒன்று தெரிந்தது. இழுத்தேன், வரவில்லை. பக்கத்து மண்ணைச் சுரண்டிக்கொண்டே போனேன். களிமண் முழுவதையும் கடந்து கீழே சேற்றுக்குள் இறங்கியிருந்தது அந்த வேர். மேலே நின்ற செடி என் முழங்கால் உயரம்கூட இல்லை. அன்று குழிக்குள் உட்கார்ந்தபடி அண்ணாந்து பார்த்தேன். வேலை முடிந்துவிட்டது என்று பேச்சாளர் காட்டினாரே, அதே பச்சைதான் என் தலைக்கு மேலே இருந்தது. அன்றிலிருந்து அப்படிப்பட்ட படங்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

செடியே கூடாது என்று சொல்லவில்லை. சில இடங்களில் மண் அரிக்காமல் இருக்கச் செடி வேண்டும். சில இடங்களில் கல் பரப்புவதுதான் சரி. எதுவானாலும் ஒரு ஆள் வருடாவருடம் ஏறிப் பார்க்கவேண்டும். பார்க்கும் ஆளுக்குச் சம்பளம் வேண்டும். புல் முளைத்ததும் வேலை முடிந்துவிடாது என்றால் இதுதான் பொருள்.

"நீங்கள் மிகைப்படுத்துகிறீர்கள்" என்று கீழே எழுதப்போகிறவர்கள் ஆஸ்திரேலியாவின் ரம் ஜங்கிளைப் பாருங்கள். 1971இல் மூடப்பட்ட யுரேனியச் சுரங்கம். 1980களில் அரசுப் பணத்தில் சீரமைத்தார்கள். அன்றைக்குத் தெரிந்த நல்ல முறையில்தான் செய்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனாலும் மூடாக்கு நினைத்தபடி நிற்கவில்லை. பின்னிஸ் ஆற்றின் கிழக்குக் கிளையில் அமிலநீர் கலப்பது நிற்கவில்லை. இப்போது அதே இடத்தை மறுபடியும் சீரமைக்கிறார்கள். 1980களில் அங்கேயும் யாராவது இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியிருக்கலாம்.

அமெரிக்காவில் யுரேனிய ஆலைக்கழிவுக்கென்றே 1978இல் சட்டம் வந்தது. அதன்கீழ் வந்த விதி என்ன சொல்கிறது தெரியுமா? கழிவை அடக்கிவைக்கும் அமைப்பு முடிந்தவரை 1,000 ஆண்டு, எப்படியும் குறைந்தது 200 ஆண்டு தாங்கவேண்டும். இருநூறு ஆண்டு என்பது ஏழெட்டுத் தலைமுறை. நம் பேச்சாளரின் திட்டத்தில் பராமரிப்புக்கு எத்தனை ஆண்டு என்று நானும் தேடிப் பார்த்தேன். அவர் காட்டிய எந்த ஏட்டிலும் அந்த எண் இல்லை.

ஒரு நண்பர் ஜெர்மனியின் ரோன்னபுர்க் மலர்க்கண்காட்சிப் படத்தைப் போட்டு "இதற்கு என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்டிருந்தார். நன்றி நண்பரே, நான் சொல்ல வந்ததும் அதுதான். கிழக்கு ஜெர்மனியில் விஸ்முட் நிறுவனம் 1990 வரை யுரேனியம் எடுத்தது. இரண்டு லட்சம் டன்னுக்கும் மேல். நாடு ஒன்றானதும் 1991இல் அதை மத்திய அரசின் நிறுவனமாக்கி, சீரமைப்பு ஒன்றையே அதன் வேலையாக்கினார்கள். கோபுரம் போல நின்ற கழிவுமேடுகளைப் பெயர்த்தெடுத்து லிக்டன்பெர்க் என்ற பிரம்மாண்டமான குழியை நிரப்பினார்கள். 600 கோடி யூரோவுக்கும் மேல் செலவு. 2007இல் அங்கே தேசிய மலர்க்கண்காட்சி நடந்தது. எல்லாம் உண்மை, எனக்கும் அதில் மகிழ்ச்சிதான். ஆனால் மலர்க்கண்காட்சி முடிந்து இத்தனை ஆண்டுகள் கழித்தும் அந்த நிறுவனம் இருக்கிறது. வெள்ளம் நிரப்பிய சுரங்கங்களிலிருந்து வரும் நீரைச் சுத்திகரித்துக்கொண்டே இருக்கிறது. பூ பூத்ததும் வேலை முடிந்தது என்று அவர்கள் வீட்டுக்குப் போய்விடவில்லை.

"வேறு இடத்துக்கு எடுத்துச் சென்றால் தீர்ந்தது" என்று ஒருவர். யூட்டா மாநிலத்தின் மோவாபில் கொலராடோ ஆற்றங்கரையில் கிடந்த 1.6 கோடி டன் கழிவை 2009இல் தொடங்கி ரயிலில் ஏற்றி, சுமார் 50 கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோய்ப் புதைத்தார்கள். ஆற்றுக்குப் பக்கத்தில் இருந்ததை அகற்றியது மிக நல்ல காரியம். புதைத்த இடத்துக்கும் காவல் வேண்டும்.

"இப்போதெல்லாம் தோண்டுவதே இல்லை, துளை போட்டுக் கரைத்து எடுக்கிறார்கள், மேடும் இல்லை குழியும் இல்லை" என்று இன்னொருவர். செக் நாட்டில் ஸ்த்ராஷ் என்ற இடத்தில் அப்படித்தான் எடுத்தார்கள். நிலத்துக்குள் செலுத்திய கந்தக அமிலம் மட்டும் சுமார் 40 லட்சம் டன். உற்பத்தியை நிறுத்திப் பல ஆண்டுகளாகியும் அமிலம் கலந்த நிலத்தடி நீரை இறைத்துச் சுத்தம் செய்துகொண்டிருக்கிறார்கள். மேலே பார்த்தால் ஒன்றுமே தெரியாது.

நான் அணுசக்திக்கு எதிரி என்று சிலர் முடிவுகட்டிவிட்டார்கள். இல்லை. அணுமின்சாரம் வேண்டுமா வேண்டாமா என்ற விவாதத்துக்குள் நான் நுழையவே இல்லை. ஏற்கெனவே தோண்டியாகிவிட்டது, ஏற்கெனவே கொட்டியாகிவிட்டது. அந்த யுரேனியத்தில் கொஞ்சம் உலையில் எரிந்துபோயிருக்கும், கொஞ்சம் எங்கோ ஆயுதமாகப் படுத்திருக்கும். கழிவு கொட்டிய இடத்திலேயே கிடக்கிறது. வாங்கிய கடனைக் கட்டச் சொன்னால் வியாபாரத்துக்கு எதிரி ஆகிவிடுவேனா?

"இயற்கையிலேயே எங்கும் கதிரியக்கம் இருக்கிறது" என்பதும் சரிதான். கருங்கல்லிலும் இருக்கிறது. அந்தக் கல்லை மாவாக்கி யாரும் ஆற்றங்கரையில் குவிக்கவில்லை.

செலவு பற்றிய கேள்வி நியாயமானது, அதைத் தள்ளிவிட மாட்டேன். கனடாவின் சஸ்காட்செவனில் கன்னார் சுரங்கத்தை முதலில் 2.5 கோடி டாலருக்குள் சுத்தம் செய்துவிடலாம் என்று கணக்குப் போட்டார்கள். பிறகு அது 28 கோடிக்கு ஏறியது. மத்திய அரசா, மாகாண அரசா, யார் பணம் கொடுப்பது என்று நீதிமன்றம் வரை போனார்கள். தோண்டும்போதே அந்தப் பணத்தைப் பிடித்துவைத்திருந்தால் இந்த வழக்கே இல்லை. 1964இல் பூட்டிவிட்டுப் போனவர்கள் சாவியைப் பொதுமக்களிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

இவையெல்லாம் விவாதம். விவாதத்தில் எனக்குக் கோபம் வராது. கோபம் வந்தது வேறு ஒரு வரியைப் படித்தபோது. "அங்கே எத்தனை பேர் இருக்கிறார்கள்? நூறு பேர் இருப்பார்களா? அவர்களுக்காக இத்தனை கோடியா?"

அமெரிக்கப் பழங்குடிகளான நவாஹோ மக்களின் நிலத்தில் 1944 முதல் 1986 வரை ஏறத்தாழ 3 கோடி டன் தாது எடுத்தார்கள். கைவிட்ட சுரங்கங்கள் 500க்கும் மேல். உள்ளே இறங்கியவர்களில் பலர் நவாஹோ ஆண்கள்தான்; என்ன காற்றைச் சுவாசிக்கிறார்கள் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. சுரங்கக் கல்லை எடுத்துவந்து சிலர் வீடு கட்டினார்கள். நல்ல கல், பக்கத்திலேயே கிடந்தது, ஏன் எடுக்கமாட்டார்கள்? 1979 ஜூலை 16 அன்று நியூ மெக்சிகோ மாநிலத்தின் சர்ச் ராக்கில் யுரேனிய ஆலையின் கழிவுக்குட்டையின் அணை உடைந்து 1,100 டன் கழிவும் 35 கோடி லிட்டர் அமிலநீரும் புவெர்கோ ஆற்றில் பாய்ந்தன. அதே ஆண்டு மார்ச்சில்தான் திரீ மைல் தீவு அணுமின் நிலைய விபத்து நடந்திருந்தது. திரீ மைல் தீவை உலகம் முழுவதும் தெரியும். சர்ச் ராக்? நூறு பேர் இருப்பார்களா என்று கேட்ட அதே மனம்தான் அதை மறக்கவைத்தது. 1978 சட்டத்தை மேலே பாராட்டினேன். அதுவும் ஆலைக்கழிவுக்குத்தான் வந்தது, சுரங்கங்களுக்கு வரவில்லை. அந்த ஐந்நூறு சுரங்கங்கள் பல பத்தாண்டுகள் அப்படியே கிடந்தன, ஆடுகள் மேய்ந்துகொண்டு, பிள்ளைகள் விளையாடிக்கொண்டு.

தலையை எண்ணிப் பார்த்துத்தான் ஒரு இடத்தைச் சுத்தம் செய்யவேண்டும் என்றால், முதலில் அங்கே தோண்டப் போகும்போது ஏன் தலையை எண்ணவில்லை?

எழுத வந்தது மூடாக்கைப் பற்றி, எங்கோ வந்துவிட்டேன். இன்னும் ஒன்று சொல்லவேண்டும். அன்று ஒலிவாங்கி என் கையில் இருந்திருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

வேரைப் பார்த்த அதே தளத்தில் ஒரு பெரியவர் இருந்தார். கண்காணிப்புக் கிணறுகளில் நீர்மட்டம் அளப்பது அவர் வேலை. மேட்டைச் சுற்றி 14 கிணறுகள். இரும்பு நாடாவின் முனையில் சுண்ணக்கட்டியைத் தேய்த்துக்கொண்டு கிணற்றுக்குள் இறக்குவார். மேலே தூக்கி, சுண்ணம் எந்தக் கோடுவரை நனைந்திருக்கிறது என்று பார்ப்பார். நோட்டில் பென்சிலால் குறிப்பார்; பேனா மழையில் கலைந்துவிடும் என்பார். பிறகு நாடாவைத் துடைத்து, மறுபடி சுண்ணம் தேய்த்து, இரண்டாம் முறையும் இறக்குவார். இரண்டு அளவும் ஒத்துப்போனால்தான் அடுத்த கிணற்றுக்கு நடப்பார். வெயிலானாலும் பனியானாலும் ஒரே மாதிரி.

மூடாக்கு சரியாக இருந்தால் உள்ளே மழைநீர் புகாது. மேட்டின் அடிவாரத்தில் நீர்மட்டம் மெதுவாக இறங்கவேண்டும். பதின்மூன்று கிணறுகளில் இறங்கியது. ஏழாவது கிணற்றில் மட்டும் ஏறிக்கொண்டே வந்தது. ஒரு ஆண்டுக்கு ஒரு விரற்கடை இருக்கும். அவர்தான் அதை முதலில் கவனித்தார். என்னைக் கூப்பிட்டு, பழைய நோட்டையும் புது நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார்.

ஒப்பந்தக் காலம் முடிந்தது. தளம் "மீட்கப்பட்டது" என்று தாளில் கையெழுத்தாகிவிட்டது. அவருக்கு வேலை போனது. போகும்போது ஒன்பது நோட்டுகளை ஒரு துணியில் கட்டி என்னிடம் கொடுத்து, சேர்க்கவேண்டிய இடத்தில் சேர்த்துவிடச் சொன்னார். எடுத்துக்கொண்டு போனேன். கோப்பு மூடப்பட்டுவிட்டது, மூடிய கோப்பில் எதையும் சேர்க்க முடியாது என்றார்கள். இன்னொரு மேசைக்குப் போனேன். அங்கேயும் அதே பதில். கடிதம் எழுதினேன், பதில் வரவில்லை. அந்தப் பெரியவர் இப்போது இல்லை. அவரிடம் சேர்த்துவிட்டேன் என்று என்னால் கடைசிவரை சொல்ல முடியவில்லை.

ஒன்பது நோட்டுகளும் என் அலமாரியில் இருக்கின்றன. நேற்று மறுபடி எடுத்துப் பார்த்தேன். பென்சில் எழுத்து கொஞ்சம்கூட மங்கவில்லை. கடைசிப் பக்கத்தில் ஏழாவது கிணற்றுக்கு எதிரே இரண்டு அளவுகள், இரண்டும் ஒன்றேதான், பக்கத்தில் ஒரு சிறிய மேல்நோக்கிய அம்புக்குறி. அதற்குப் பிறகு அந்தக் கிணற்றில் யாரும் நாடா இறக்கவில்லை.